பூசாத சுவர்

"ஏ காவேரி! ஒம் பொண்ணு என் வூட்டுச் செவுத்தைத் திங்கறா. கேக்க ஆளில்லையா?"

சென்னம்மாள் தெருவே அதிரக் கத்தினாள். காவேரிக்கு மானம் போயிற்று. பென்னாகரம் பக்கத்து இந்த ஊருக்குப் பிழைக்க வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் இப்படி ஒரு பேரா?

பதினாலு வயசு செல்லி தலைகுனிந்து நின்றாள். உதட்டோரம் செம்மண். நாலு மாசமாக முகம் வெளுத்து, ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது. யுத்த காலத்தில் கிடைக்கிற கஞ்சியையும் தள்ளிவிட்டு மண்ணைத் தேடிப் போகிறாள். மந்திரித்துக் கயிறு கட்டியும் பலனில்லை. பெண் பிழைப்பாளா என்ற பயத்தில் காவேரிக்குத் தூக்கமே போய்விட்டது.

பயமும் அவமானமும் சேர, விளக்குமாற்றை ஓங்கினாள்.

சென்னம்மாள் அதைப் பிடுங்கி எறிந்தாள். "அடிச்சா என் செவுரு வந்துருமா? பொங்க வரைக்கும் தெனம் மத்தியானம் அனுப்பு. எள்ளு இடிச்சுக் கழிக்கட்டும்."

"நிக்கவே தெம்பில்லாத புள்ளைங்கக்கா..."

"சொரண்ட மட்டும் தெம்பிருந்துச்சா?"

கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அனுப்பினாள் காவேரி. பொங்கலுக்குக்கூட அந்தப் பின்சுவரைப் பூசாத கஞ்சப் பிசினாரி என்று ஊரே சிரிக்கிறது. அந்தச் சுவருக்கா ஒண்டிக்கட்டைக்கு இத்தனை வீம்பு?

ஆனால் மார்கழி முடிவதற்குள் செல்லியின் உதட்டில் சிவப்பு ஏறியது. குடத்தை மூச்சு வாங்காமல் தூக்கி வந்தாள். மண் பக்கம் போவதே இல்லை.

"அங்க என்னடி வேலை செய்யறே?"

"எள்ளும் வெல்லமும் இடிப்பேம்மா. உருண்டை புடிச்சு என்னையே திங்கச் சொல்லுவாங்க. அப்புறம் முருங்கக்கீரை போட்ட ராகி அடை. போதும்னா திட்டுவாங்க."

காவேரிக்கு அப்போதுதான் உறைத்தது. சும்மா கொடுத்தால் தான் வாங்கமாட்டோம் என்று தெரிந்து சென்னம்மாள் போட்ட சண்டையா அது?

போகிக்கு முந்தின நாள், செம்மண் குழைத்துக் கூடையில் எடுத்துக்கொண்டு அவளே சென்னம்மாள் வீட்டுக்குப் போனாள். பின்சுவரில் இரண்டு குழிகள் இருந்தன. கீழே செல்லி சுரண்டியது. ஒரு சாண் மேலே, விளிம்பு மழுங்கிய பழைய குழி ஒன்று. இரண்டையும் சேர்த்தே பூசிவிடலாம் என்று மண்ணை அள்ளினாள்.

சென்னம்மாள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ இருக்கிறதை மட்டும் பூசு, காவேரி. மேல இருக்கிறது எம் மக ராஜாமணி சாகறதுக்கு முந்தி சொரண்டினது. அன்னிக்கு என் கையில இருந்த வெளக்குமாத்தைப் புடுங்க ஒருத்தருமே வரலை."