பாலத்தடிப் பாறை

பாலத்தடிப் பாறையில் மண்டியிட்டு, நீர்நாய்க் கணக்கெடுக்க வந்தவர் அதன் எச்சத்தை முகர்ந்துகொண்டிருக்கிறார். மூக்கை நம்பித்தான் அவர் உத்தியோகமே. புதியது என்றால் மீன்வாடை குடலைப் பிடுங்கும். நீர்நாய் இருக்கிறது என்று எழுதினால் ஆற்றில் மணல் அள்ளுவது நிற்கும். இதில் வாடையே இல்லை. விரலிடையில் பொடிகிறது, மீன் செதில்கள் மட்டும் மங்கிய வெளிச்சத்தில் மினுங்குகின்றன. மணல் அள்ளும் இயந்திரத்தின் ஓட்டுநர் சாவியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார். "குட்டியோட நானே பாத்தேன் சார்." "எப்ப?" "மழைக்கு முன்னாடி." மழை ஓய்ந்தே ஐந்து மாதம் ஆகிறது. "இன்னொரு தடவ மோந்து பாருங்க சார்." முகர்கிறார். ஓட்டுநரின் டீசல் வாடைதான் வருகிறது. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். ஓட்டுநர் அந்தப் பாறையை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய், இயந்திரத்தில் ஏறிச் சாவியைத் திருகுகிறார்.