ஆடும் பச்சைக் கோடு

“இரைச்சல் இன்னும் இருக்கே ஜுல்பிகர்!” என்றார் வெங்கட்ரமணன். மின்சாரத்தில் கலக்கும் இரைச்சலைக் காட்டும் ஸ்கோப் திரையில் பச்சைக் கோடு குதித்துக்கொண்டிருந்தது.

ஜுல்பிகருக்கு வியர்த்துக் கொட்டியது. இதே காளவாசல் மாடியறையில் அவனும் மனைவி சுஃபியாவும் எட்டு மாதம் உயிரைக் கொடுத்துச் செய்த ஐந்நூறு வோல்ட் ஆம்ப்ளிஃபயர் அது. மேஜை மேலிருந்த பியசோ வில்லையை மயிரிழை நகர்த்துவதுதான் அதன் வேலை. அந்த வில்லை கேஸ் லைட்டரில் இருக்கிறதே, அதே சாதி. மின்சாரம் கொடுத்தால் அசையும், அசைத்தால் மின்சாரம் கக்கும். சோதித்துப் பார்க்க வந்திருக்கும் ஆய்வுக்கூட அதிகாரி வெங்கட்ரமணன் இன்று கையெழுத்துப் போட்டால் இதுபோல் இருபது பெட்டிக்கு ஆர்டர். இல்லாவிட்டால் ஜுல்பிகர் மறுபடி மிக்சி ரிப்பேருக்கே போகவேண்டியதுதான்.

“காலையில கோடு அசையவே இல்ல சார்!”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. இதுவரைக்கும் நாலு கம்பெனிப் பெட்டியைத் திருப்பி அனுப்பிட்டேன். என் கண்ணுக்குத் தப்பாது.”

ஃபேனை நிறுத்தினார்கள். டியூப் லைட்டை அணைத்தார்கள். மூன்று செல்போன்களும் கண்ணை மூடின. கோடு மட்டும் அடங்கவில்லை.

சுஃபியா கீழே மாவு மில்லுக்கு ஓடினாள். “அழகுபாண்டி அண்ணே, அஞ்சு நிமிசம் மில்லை நிப்பாட்டுங்க!”

“மொளகா பாதி அரைபடுதே தாயி!”

“அங்க எங்க பொழப்பே அரைபடுதுண்ணே!”

மில் நின்றது. பாவம் பார்த்து, எதிர்க்கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்தினார். மிளகாய்ப் பையோடு நின்ற பெண்கள்கூட பேச்சை நிறுத்திவிட்டு மாடியையே பார்த்தார்கள்.

மாடியில் கோடு இன்னும் ஜோராகக் குதித்தது.

“போதும்ப்பா. இது தேறாது” என்று வெங்கட்ரமணன் பேனாவைத் திறந்தார். மூடி கைநழுவி மேஜைக்கு அடியில் உருண்டது. மூச்சிரைக்க வந்த சுஃபியா அதை எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. அடியிலிருந்து சிரிப்புச் சத்தம்தான் வந்தது.

“ஏய், என்ன ஆச்சு?” ஜுல்பிகர் பதறினான்.

துப்பட்டாவால் வாயைப் பொத்தியபடி எழுந்தாள். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல சின்னப் பிள்ளைகளைத்தான் இப்படி வைவோம்...”

“சும்மா சொல்லும்மா.”

“மேஜைச் சட்டத்துல பாதத்தை வச்சுக்கிட்டுக் காலை ஆட்டாதீங்க சார்!”

கால் நின்றது. பச்சைக் கோடு பெட்டிப்பாம்பாக அடங்கியது.