குளிர்கால ஜெட்

"அவர் குளிக்கப் போயிட்டார். அரை மணி நேரம் ஆகும். சீக்கிரம் வா!"

போனில் கிசுகிசுத்துவிட்டு, டாக்டரின் மனைவி பின்கதவைத் திறந்து வைத்தாள். ஐந்தே நிமிடத்தில் ஓர் ஆள் பூனை மாதிரி உள்ளே நுழைந்தார்.

"யாரும் பார்க்கலையே?"

"இல்லண்ணா, வா."

கூடப்பிறந்த அண்ணன்தான். மெக்கானிக். பட்டறை பக்கத்துத் தெருவிலேயே.

தங்கை வீட்டுக்கு வர எதற்கு இந்தத் திருட்டுத்தனம்? மச்சானும் மாப்பிள்ளையும் மூன்று வருடம் முன்பு போட்ட சண்டை அப்படி. மாப்பிள்ளை கால்நடை டாக்டர். மலைப்பண்ணைகளுக்குப் போக நாலு சக்கர பைக் வைத்திருக்கிறார்.

அன்று, "குளிர்ல எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலா வேணும். கார்புரேட்டர்ல பெட்ரோல் பாயுற ஓட்டை இருக்கே, ஜெட், அதைப் பெரிசாப் போடணும்" என்றார் மெக்கானிக்.

"எனக்கே பாடமா?" என்றார் டாக்டர். வார்த்தை தடித்தது.

"இனிமே என் வண்டியைத் தொடாதே!"

"உன் வாசப்படியை மிதிச்சா பாரு!"

மெக்கானிக் சொன்ன சொல் தவறவில்லை. பின்கதவு வாசப்படி ஆகாதே! குளிர் தொடங்கும்போது பெரிய ஜெட், வெயில் தொடங்கும்போது சின்ன ஜெட் என்று ரகசியமாக வந்து மாற்றிவிட்டுப் போவார். டாக்டரோ, "பாத்தியா, எவன் கையும் படாம வண்டி பறக்குது!" என்று மார்தட்டிக்கொள்வார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துச் சோறு போட மாட்டோமா என்று ஏங்கிப்போயிருந்தாள்.

"போன மாசம்தானே பாப்பா பெரிய ஜெட் மாத்தினேன்?" என்று தங்கையிடம் இப்போது கேட்டார் மெக்கானிக்.

"நேத்துலேர்ந்து மறுபடி மேடு ஏறத் திணறுதுண்ணா."

குளியலறைச் சுவரை ஒட்டித்தான் வண்டிக் கொட்டகை. உள்ளே டாக்டர் உச்சஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தார். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, அரிசி மணி அளவுப் பித்தளை ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் நம்பர் பார்த்தார்.

"இது சின்னது! வெயில் கால ஜெட்!"

"நீ மறந்து..."

"என் தொழில்ல எனக்கு மறதியா? இந்தச் சின்னதை டப்பாவுல போட்டு, அந்த அலமாரியில நானே வெச்சேன்."

டப்பாவைத் திறந்தார்கள். காலி.

"யாரோ மாத்தியிருக்காங்க, பாப்பா."

"யாருண்ணா மாத்துவா? இவருக்கு ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது!"

"எவனோ, வேலையைச் சுத்தமாத்தான் செஞ்சிருக்கான். சரி, இப்ப பெரிய ஜெட்டுக்கு எங்கே போவேன்?"

பாட்டு சட்டென்று நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் பாட்டு மட்டும்தான் கேட்டது, தண்ணீர் விழும் சத்தமே கேட்கவில்லை.

"பெரிய ஜெட் என் சட்டைப் பையில இருக்கு, மச்சான்!" உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது. "வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் சீசன் மாறுது. உன் குரலைக் கேக்க எனக்கு அது போதலப்பா!"