தேய்ந்த இசைத்தட்டு

அந்தம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது. "வீட்ல யாரும் இருக்கீங்களா?" என்று வாசலில் நின்று கூப்பிட்டதற்கு, கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

"பழைய ரெக்கார்டெல்லாம் விலைக்குப் போடறதாச் சொன்னாங்க, பாக்க வந்திருக்கேன்!" வியாபாரி குரலை உயர்த்திச் சொன்னாள். பிறந்து வளர்ந்த வீட்டுக்குள்ளேயே யாரோ மாதிரி நுழைந்தாள்.

வயசு இருபதுகூட ஆகாதபோது, பாடப்போகிறேன் என்று இந்த வீட்டைவிட்டுப் போனவள் அவள். ஊரில் உள்ள பாடகர்களையெல்லாம் அலமாரியில் அடுக்கி வைத்துக் கொண்டாடிய அப்பா, பெற்ற மகள் மேடையேறியதை மட்டும் பொறுக்கவில்லை. "இனி உன் சத்தம் இந்த வீட்ல கேக்கக் கூடாது" என்றுவிட்டார்.

அதன் பிறகு அவர் கட்டிக்கொண்டு வந்தவள்தான் இந்த அம்மா. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை. பின்னால் தன் பாட்டு ரெக்கார்டாக வந்தபோது, மனசு கேட்காமல் அப்பாவுக்கு ஒன்று தபாலில் அனுப்பினாள். பதில் இல்லை. இப்போது அப்பாவும் இல்லை.

பாட்டு சோறு போடவில்லை. பழைய ரெக்கார்டு வாங்கி விற்பதுதான் பிழைப்பு என்றாகிவிட்டது. ஆனால் இன்றைக்கு வந்தது வியாபாரத்துக்கு இல்லை. அப்பா அதை ஒரே ஒரு தடவையாவது போட்டுக் கேட்டாரா? அது தெரிந்தால் போதும்.

அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் தட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, தர்பூசணியா வாங்க வந்திருக்கீங்க?"

வியாபாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதெல்லாம் வினைல்மா. தட்டினா மந்தமாக் கேக்கும், லேசா வளைஞ்சும் குடுக்கும். ஸ்டைரீன்னு ஒண்ணு இருக்கு. தட்டினா 'டிக்'குனு கேக்கும், வளைச்சா ஒடிஞ்சிடும். மலிவுச் சரக்கு."

"மலிவுன்னா மட்டமா?"

"பாக்கப் பளபளன்னு புதுசாட்டமே இருக்கும். ஆனா ஊசி ஓட ஓட உள்ளுக்குள்ள தேஞ்சு, பாட்டு போய் இரைச்சல்தான் மிஞ்சும். அதனால போட்டுக் கேக்காம வாங்க மாட்டோம்."

அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "எங்கே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

பாவம், என்று நினைத்துக்கொண்டு வியாபாரி திரும்பவும் சத்தமாகச் சொன்னாள்.

அவளுடைய பாட்டைப் போட்டது ஒரு சின்னக் கம்பெனி. கைக்கு அடக்கமான செலவு என்று ஸ்டைரீனில்தான் போட்டார்கள். அலமாரியின் கடைசித் தட்டுவரை தட்டியாகிவிட்டது. எல்லாம் மந்தமாகத்தான் கேட்டது. அவளுடையது இல்லை. தூக்கி எறிந்துவிட்டாரா?

"வேற எதுவும் இல்லையாம்மா?"

"ஐயோ, பால்!" அந்தம்மா எழுந்து ஓடினாள். அடுப்பு இருப்பதோ வீட்டின் அந்தக் கோடியில். பால் பொங்குகிற சத்தம் வியாபாரியின் காதுக்கு எட்டவே இல்லை.

திரும்பி வந்தவள் கையில் ஒரு சின்ன ரெக்கார்டு. உறையெல்லாம் தையல் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. "இது ஒண்ணு தனியா இருக்கு. விக்கறதுக்கில்ல. சும்மா பாருங்க."

அதேதான். வியாபாரி மெல்லத் தட்டினாள். டிக். ஒரு கீறல் இல்லாமல் புதுசு மாதிரி மின்னியது. உறையைவிட்டு எடுக்கவேயில்லையோ? அலமாரிக்குப் பக்கத்திலிருந்த பாட்டுப் பெட்டியில் வைத்து ஊசியை இறக்கினாள்.

'சோ'வென்று மழை மாதிரி இரைச்சல். அதற்கு அடியில் எங்கோ, வாசலில் நின்று ஒரு சின்னப் பெண் கூப்பிடுவது போல் பாட்டு ஆரம்பித்தது: "வீட்ல யாரும் இருக்கீங்களா?" அப்புறம் பாட்டையும் இரைச்சல் விழுங்கிவிட்டது. முதலிலிருந்து கடைசிவரை ஒரே தேய்மானம்.

வேறு நாளாக இருந்தால், உதவாது என்று தள்ளி வைத்திருப்பாள். இன்றைக்கு அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஒன்றிரண்டு தடவை கேட்டால் இப்படித் தேயாது. வருஷக்கணக்காகக் கேட்டிருக்க வேண்டும்.

'அப்பா' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு கேட்டாள். "ஐயா இதை அடிக்கடி போட்டுக் கேப்பாரோ?"

அந்தம்மா ஊசியைத் தூக்கி வைத்தாள். ரெக்கார்டை முந்தானையால் பதமாகத் துடைத்தாள்.

"ஆமான்னு சொல்லிடலாம்னுதான் பாத்தேன், மனசு வரலை. உறையைக்கூடப் பிரிக்காம குப்பையில போட்டாரு. நான்தான் எடுத்துத் தையல் மெஷின் டிராயர்ல ஒளிச்சு வெச்சேன். அவரு வெளியே போற நேரமாப் பாத்துப் போடுவேன்."

"நீங்களா? எதுக்கும்மா?"

"இந்த வீட்ல எங்கிட்ட வேற யாரு ரெண்டு வார்த்தை பேசினா?"

வியாபாரி அவள் கையிலிருந்த ரெக்கார்டையே பார்த்தாள்.

"கத்திக் கத்திப் பேசினியே, எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். வாசல்ல நீ குரல் குடுத்ததுமே யாருன்னு தெரிஞ்சிடுச்சு." அந்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரைச்சல் இல்லாமக் கேட்டு எத்தனை நாளாச்சு... இன்னொரு தடவை கூப்பிடு, கண்ணு."