இடது பக்க ஓட்டை

"அந்த மூணாம் நம்பரை வெச்சுக்கிட்டு நாளைக்கு ஃபைனல் ஆடினா, நாம கப்பை போட்டோவுலதான் பார்க்கணும்!"

சவர நாற்காலியில் சாய்ந்திருந்த இளைஞன் போட்ட சத்தத்தில் நுரை ஒரு துளி பறந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அவன் முகம் முழுக்க நுரை. கண்ணும் வாயும் மட்டும்தான் பாக்கி.

"ஆடாம உட்காரு" என்று அவன் தோளை அழுத்தினார் சலூன்காரர். கத்தியை எடுக்க வேண்டியவர், பேச்சு மும்முரத்தில் பிரஷ்ஷை எடுத்து, இருந்த நுரைக்கு மேலேயே இன்னொரு பூச்சு பூசினார்.

பக்கத்து நாற்காலியில் வெளியூர்க்காரர் ஒருவர். அப்போதுதான் அவர் கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டுப் போயிருந்தார் சலூன்காரர். கண்ணாடியில் இந்தக் கூத்தைப் பார்த்து வெளியூர்க்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

நாளைக்கு ஃபுட்பால் ஃபைனலில் மோதப்போகும் எதிரணியின் கோச் அவர்தான். பொறுப்பேற்று ஒரு சீசன்கூட ஆகாததால் இங்கே யாருக்கும் முகம் தெரியாது. எந்த ஊருக்கு ஆடப் போனாலும் முதல் நாளே அங்கே ஒரு சலூனில் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு டீமின் ஓட்டையை வீடியோவில் தேடுவதைவிட அதன் ரசிகர்கள் வாயில் தேடுவது சுலபம் என்பது அவர் கட்சி. இதுவரை ஏமாந்ததில்லை. நாளைக்கும் ஏமாறக் கூடாது. தோற்றால் வேலை இல்லை என்று கிளப்பில் நேராகவே சொல்லிவிட்டார்கள்.

"தம்பி ரொம்பச் சூடா இருக்காரே!" என்று மெல்லத் தூண்டில் போட்டார்.

"வயிறு எரியுது சார். லெஃப்ட் பேக்குனு இடது பக்கக் காவலுக்கு ஒருத்தனை நிறுத்தியிருக்கோம். அவனுக்குப் பதிலா இந்த நாற்காலியை நிறுத்தினாக்கூட நாலு பேர் தடுக்கி விழுவானுங்க."

"சும்மா இரு" என்றார் சலூன்காரர். "காரணம் இல்லாமலா நம்ம கோச் அவனை வெச்சிருக்கார்?"

"நம்ம கோச்சுக்குப் பிடிவாதம்ணே. மூணாம் நம்பரைப் பந்தோட முன்னால ஏறச் சொல்றார். இவனும் ஜோரா ஏறுவான். இவன் திரும்பி இறங்கறதுக்குள்ள அவனுங்க கோல் போட்டு, கட்டிப்பிடிச்சு, கொண்டாடியே முடிச்சிருப்பானுங்க."

"செமி ஃபைனல்ல ஒரு கோல்கூட விடலையேப்பா?"

"அன்னைக்கு அந்தப் பக்கம் ஒருத்தனாவது வந்தானா? வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும் லட்சணம்!"

வெளியூர்க்காரர் யோசித்தார். அந்த வீடியோவை அவரும் பார்த்திருந்தார். உண்மைதான், இடது பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இது எப்படித் தன் கண்ணுக்குத் தப்பியது?

"நீ கத்தி முடி. அதுக்குள்ள நான் சாரை முடிச்சுடறேன்" என்று சலூன்காரர் இவர் பக்கம் வந்தார். வெளியூர்க்காரருக்குத் தனக்குக் கிடைத்த மரியாதை பிடித்திருந்தது.

கன்னத்தில் கத்தி இறங்கும்போதே கேட்டார். "அப்போ வலது பக்கம்? அந்த ரெண்டாம் நம்பர் எப்படி?"

அவரது திட்டமே அந்தப் பக்கம்தான். தன் அணியின் வேகமான ஆளை ரெண்டாம் நம்பர் மேல் ஏவிவிடுவதாக இருந்தார்.

"அவனா? சுவர் சார்" என்றான் நுரை முகத்துக்காரன். "அந்தப் பக்கம் போறவன் ஸ்ட்ரெச்சரைக் கையோட கொண்டு போகணும்."

சலூன்காரர் குரலைத் தாழ்த்தினார். "டேய், வெளியாள் முன்னாடி வீட்டு விஷயத்தையெல்லாம் பேசாதே."

"நானும் உங்க டீம்தாங்க" என்று கூசாமல் சொன்னார் வெளியூர்க்காரர்.

சலூன்காரர் பெருமூச்சு விட்டார். "அப்படின்னா சொல்றதுக்கென்ன சார். பையன் சொல்றது நெசந்தான். இடது பக்கம் நமக்குப் பெரிய ஓட்டை. நாளைக்கு அவங்க அதைக் கண்டுபிடிக்காம இருக்கணும்."

"மூஞ்சியைப் பாருங்க சார்!" கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த டீம் போஸ்டரைக் கைகாட்டினான் இளைஞன். "நிக்கிறவங்கள்ல ஓரத்து ஆள். பாதித் தூக்கத்துல எழுப்பிக் கூட்டிட்டு வந்த மாதிரி இல்ல?"

வெளியூர்க்காரர் நிமிர்ந்து பார்த்தார். மங்கிய போஸ்டரில் தாடியோடு ஒரு முகம். தூக்கக் கலக்கம் மாதிரிதான் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தார்.

சவரம் முடிந்தது. மீதிச் சில்லறையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

"பிளானை மாத்து. நாளைக்குப் பந்து முழுக்க அவங்க மூணாம் நம்பர் பக்கம்தான். ரெண்டாம் நம்பர் பக்கம் யாரும் போகவே வேண்டாம். ஆமா, நல்லா விசாரிச்சுட்டேன்!"

குரல் தெருமுனை திரும்பி மறைந்தது. பிறகு சலூன்காரர் சிரித்துக்கொண்டே இளைஞனின் காய்ந்துபோன நுரையில் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார்.

"துணி கட்டும்போதே பார்த்தேன். கழுத்தைச் சுத்தி, விசில் கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுப்பா ஒரு கோடு. ஃபைனலுக்கு முந்தின நாள், வெளியூர் ஆள். கோச்சைத் தவிர வேற யாரு? அதான் உடனே உனக்குக் கண்ணைக் காட்டிட்டு, தோளையும் அழுத்தினேன்."

"நல்லவேளை, இன்னொரு பூச்சு பூசினீங்க."

"நம்ம ரெண்டாம் நம்பர் கணுக்கால் வீங்கிக் கிடக்கான். அந்தப் பக்கம் வந்திருந்தாங்கன்னா நாளைக்கு நம்ம கதை கந்தல். இனி வர மாட்டாங்க."

தாடியும் நுரையும் போய், பளபளவென்று வெளிப்பட்ட தன் முகத்தைக் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான் இளைஞன்.

"வரட்டும், மொத்தப் பேரும் என் பக்கமே வரட்டும். அது கிடக்கட்டும்ணே, போஸ்டர்ல என் மூஞ்சி நெசமாவே அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று கேட்டான் மூன்றாம் நம்பர்.