சிட்டுவின் பிடரியில் ஒரு சுழி

“கம்ப்ரசர் ஜெயிக்காதுங்களாண்ணே?”

“மூணு தடை தாண்டறதுக்குள்ள மூச்சு முட்டி நின்னுரும்” என்றார் செந்தமிழன் அண்ணன்.

“அதோட முதலாளி பக்கத்துலதான் நிக்கறாருங்க.”

“நின்னா நிக்கட்டும். ஓடப்போறது அவரா?”

மல்லசமுத்திரம் கோயில் நோம்பிக்கு நாளைக்குத் தடை தாண்டும் குதிரைப் பந்தயம். மூங்கிலைக் குறுக்கே கட்டி, மேலே சோளத்தட்டைச் சொருகி, ஏரிக்காடு முழுக்கத் தடை வைத்திருந்தார்கள். எது ஜெயிக்கும் என்று முந்தின நாளே அண்ணன் சொல்வார். நான் செல்போனில் எடுத்துப் போடுவேன். அவர் குதிரைத் தரகர். அவர் பேச்சை சேலம் வரைக்கும் கேட்பார்கள்.

அவரிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். சுழி பார்ப்பார். குதிரை உடம்பில் முடி எங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்து, இது குடும்பத்துக்கு ஆகும், இது ஆகாது என்பார். முடிக்கும் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம்? கேட்டால், “நீ வீடியோவை ஒழுங்கா எடு” என்பார்.

கம்ப்ரசர், போர் போடுகிற ரிக் வண்டிக்காரரின் குதிரை. பேருக்கு ஏற்ற சத்தம். அடுத்து நின்றது ஒரு வெள்ளைக் குதிரை. “மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நல்லா நிக்கும்” என்று சொல்லிவிட்டு அண்ணன் நகர்ந்தார்.

மூன்றாவது சிட்டு. ரங்கன் மாமாவின் பெண் குதிரை. அவர் மகள் வித்யாக்கா தண்ணீர் டியூபைப் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். குட்டியிலிருந்து வளர்த்தது அவர்தான். நாளைக்கு ஓட்டப்போவதும் அவர்தான்.

“இதுதான்டா” என்றார் அண்ணன். “மத்ததெல்லாம் தடையைப் பாத்தா யோசிக்கும். இது யோசிக்காது.”

வித்யாக்கா நிமிரவே இல்லை. ஜெயிக்கும் என்று சொன்னால் சிரிக்க வேண்டாமா?

“ஏங்க்கா, உம்முனு இருக்கறீங்க?”

“ஜெயிச்சா இது நாமக்கல் போயிரும்டா.”

நாமக்கல் கோழிப்பண்ணை நந்தகுமார் போன மாசம் சிட்டுவை விலைக்குக் கேட்டாராம். ரங்கன் மாமாவுக்கு வாய் நீளம். ‘பந்தயத்துல ஜெயிச்சா உங்களுக்கே’ என்று வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார். சிட்டு ஜெயிக்கும் என்று அப்போது அவரே நம்பவில்லை. வெற்றிலை மாற்றின பிறகு இங்கே பேச்சு மாற மாட்டார்கள். சுழி சரியில்லை என்றால் மட்டும்தான் விடுவார்கள். அதில் யாருக்கும் கேவலம் இல்லை.

“அப்ப தோத்துருங்க.”

“நான் இழுத்துப் புடிச்சாலும் நிக்காது. சோளத்தட்டைக் கண்டாலே தாவிரும். அதுக்கு அது விளையாட்டு.”

அண்ணன் குனிந்து குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் வந்து நின்றது. நந்தகுமார், கூட இரண்டு பேர். ரங்கன் மாமாவும் ஓடி வந்தார்.

“என்னப்பா செந்தமிழா, நம்ம குதிரை தேறுமா?”

‘நம்ம குதிரை’ என்றதும் வித்யாக்கா டியூபைக் கீழே போட்டுவிட்டார்.

“நாளைக்கு இதுதானுங்க மொதல்ல வரும்.”

“அப்புறம் என்ன, ஏத்தறதுக்கு வண்டி சொல்லீறட்டா?”

“சொல்லுங்க. அதுக்கு முந்திச் சுழி பாத்துர்றனுங்க.”

ஈரப் பிடரியை ஒதுக்கினார். கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வெடுக்கென்று கையை எடுத்தார்.

“என்னய்யா?”

“பிடரிக்கு அடியில ரெட்டைச் சுழிங்க. வாங்கறவங்க ஊட்டுல... வேண்டாங்க. காலங்காத்தால என்ற வாயால எதுக்குங்க.”

நந்தகுமார் குனிந்து பார்த்தார். “அட ஆமா! நல்லாத் தெரியுதே!”

கூட வந்தவர்களும் பார்த்தார்கள். “எத்தாப் பெருசு!” என்றார் ஒருவர். நானும் எட்டிப் பார்த்தேன். சுழி மாதிரிதான் இருந்தது.

“வளத்தவங்களை ஒண்ணும் பண்ணாதுங்க. கை மாறுனாத்தான்.”

“ரங்கா, நீயே வெச்சுக்கப்பா. எனக்கு வேண்டாம்.”

கார் போய்விட்டது.

ரங்கன் மாமா குதித்தார். “ஏய்யா, ஊரறியச் சொல்லி என்ற குதிரை பேரைக் கெடுத்துப்போட்டியே! இனி என்ற கொட்டாயில காலை வெச்சீன்னா பாரு!”

“நோம்பியும் அதுவுமா இந்தாளுக்கு வாயப் பாரு! அடுத்த வருசம் கூப்புடாதீங்க” என்றார் கம்ப்ரசர் முதலாளி. அவருக்கு முந்தின கோபமும் சேர்ந்திருந்தது.

அண்ணனுக்குத் தரகும் போனது, மரியாதையும் போனது. வித்யாக்கா சிட்டுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். முகம் தெரியவில்லை.

மறுநாள் சிட்டுதான் ஜெயித்தது. கடைசித் தடையில் கம்ப்ரசர் கண்ணுக்கே தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் நான் போய்ப் பிடரியை ஒதுக்கிப் பார்த்தேன். காய்ந்த முடி நேராகப் படுத்திருந்தது. அந்தப் பக்கம் பார்த்தேன். அங்கேயும் ஒன்றும் இல்லை.

அண்ணனைத் தேடி ஓடினேன். கரும்பு ஜூஸ் வண்டியருகே தனியாக நின்றிருந்தார்.

“அண்ணே, சுழியே இல்லீங்களே!”

“கெடச்சாச் சொல்லு, நானும் பாக்கறேன்.”

“அட, அந்த நந்தகுமாரை நல்லா ஏமாத்திப்போட்டீங்க! இத்தனை பண்ணை வெச்சு என்ன பிரயோசனம்? இல்லாத சுழியைப் பாத்துட்டு, நல்லாத் தெரியுதுங்கறாரு. சுத்த ஏமாளி!”

அண்ணன் சிரிக்கவில்லை.

“போன வாரம் அவரு சிட்டுவைப் பாக்க வந்தப்ப, அந்தப் புள்ள கொட்டாயில ஒக்காந்து அழுதுட்டு இருந்துச்சாம். வாங்கவும் மனசு வரலே, வேண்டாம்னு சொன்னா ரங்கனுக்குக் கேவலம். ‘எப்படியாச்சும் ஒரு சுழியைக் கண்டுபுடிச்சுக் குடுப்பா’ன்னு எங்கிட்டக் கேட்டதே அவருதான்டா.”