சிரிக்கிற முகம்

"மூஞ்சி ஃபுல்லா மூடணும்மா. கண்ணுக்கு ஓட்டை சின்னதா இருந்தா போதும்" என்றாள் நந்தினி.

ஊறிய பேப்பரை மைதாப் பசையில் பிசைந்துகொண்டிருந்த எழிலரசியின் கை ஒரு கணம் நின்றது. முகத்தை மறைக்க வேண்டும் என்று பிள்ளைக்கே தோன்றிவிட்டது.

நந்தினியின் இடக் கன்னம் முழுக்கத் தோல் சுருங்கியிருந்தது. தவழ்கிற வயதில் பட்ட காயம். கஞ்சி வடித்த பாத்திரத்தைத் தரையிலேயே விட்டுவிட்டு எழிலரசி வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தபோது நடந்தது. வீட்டில் யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. அவளால்தான் தன்னை மன்னிக்க முடியவில்லை.

போன வருடம் பள்ளி ஆண்டு விழாவில் நந்தினி பாதி வசனத்தில் திக்கி நின்று, அப்படியே மேடையை விட்டு இறங்கிவிட்டாள். அத்தனை பேர் உற்றுப் பார்த்தால் பிள்ளை என்ன செய்யும்? முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எழிலரசிக்கு அன்று மனசே ஆறவில்லை.

"இந்த வருஷம் என்ன வேஷம்டி?"

"அது சஸ்பென்ஸ். வாய் மட்டும் நல்லா சிரிக்கிற மாதிரி வை."

செங்கம் ரோட்டில் அவள் சமையல் வேலை பார்க்கும் கஃபேயிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டி. அதை வெட்டி வளைத்துக் கூடு கட்டி, மேலே காகிதக் கூழை அப்பி, மூக்கையும் கன்னங்களையும் எழுப்பினாள். இடக் கன்னத்தை மட்டும் ஈர விரலால் திரும்பத் திரும்ப வழித்தாள். அது வழவழவென்று வர வர, அவளுக்குக் கண் கலங்கியது. நந்தினி பார்ப்பதை உணர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மொட்டை மாடியில், எதிரே தெரியும் மலையைப் பார்க்க வைத்துக் காயப்போட்டாள். காய்ந்ததும் மகள் முகத்தில் வைத்துப் பார்த்தால், முகமூடி கழுத்து வரை இறங்கியது.

"ரொம்பப் பெருசா போச்சுடி. ஓரத்தக் கொஞ்சம் வெட்டிடறேன்."

"வேணாம்மா. இப்படியே இருக்கட்டும்."

"நடிக்கும்போது கழண்டு விழுந்துடும்."

"அதெல்லாம் விழாது."

மஞ்சள் பூசி, சிவப்பில் உதடு வரைந்தபோது முகமூடி அழகாகத்தான் சிரித்தது. எழிலரசிக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. நான் கெடுத்த முகத்துக்கு நானே மூடியும் செய்கிறேன் என்று உள்ளே ஏதோ குத்தியது.

வேங்கிக்காலில் இருந்த பள்ளியில் அன்று சாயங்காலம் விழா. மேடைக்குப் பின்னால் நந்தினி பட்டுப் பாவாடையும் ஜிகினாக் கிரீடமுமாக நின்றாள். கன்னத்தில் பவுடர்கூட அப்பிக்கொள்ளவில்லை.

"திரும்பு, மாஸ்க்கக் கட்டி விடறேன்" என்றாள் எழிலரசி.

"நான் ராணிம்மா. ராணி எதுக்கு மாஸ்க் போடணும்?"

"அப்ப இது யாருக்கு?"

"உனக்குத்தான். போட்டுட்டு முன்னாடி வரிசையிலயே உக்காரு."

எழிலரசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எனக்கு எதுக்குடி?"

மைக்கில் நந்தினியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எக்கி நின்று, முகமூடியை அம்மாவின் முகத்தில் வைத்துக் கயிற்றை முடிச்சிட்டாள். பிறகு அவளைக் குனிய வைத்து, காதோரம் மெல்லச் சொன்னாள்:

"போன வருஷம் நீ அழுததப் பாத்துதாம்மா எனக்கு டயலாக்கே மறந்துபோச்சு."